குச்சியில் ரிங் விழுந்தால் நோய் பொய்யா?

போன வாரம் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பார்க். காலை வெயில். காட்டன் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாள் புல்தரையில் நிற்கிறார். கையில் ஒரு குச்சி. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ரிங் சுழன்றுகொண்டு பறந்து வருகிறது. சரக்கென்று குச்சி மேலே போகிறது. ரிங் அதில் விழுந்து, கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே கைப்பிடி வரைக்கும் இறங்குகிறது. யாரோ விசில் அடிக்கிறார்கள்.

அவ்வளவுதான் வீடியோ.

அந்த அம்மாள் குடியிருக்கிற தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டு, அது பல கை மாறி, பாலக்கரையில் இருக்கிற எனக்கு வந்திருக்கிறது. கீழே விழுந்த கமெண்ட்டுகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். 'பாட்டி சூப்பர்' என்று ஒருவர். கை தட்டுகிற பொம்மை போட்டு இன்னொருவர். அப்புறம், அவர் வீட்டில் நடக்கமாட்டார் என்று தெரிந்த யாரோ போட்ட ஒரு வரி —

'ஆத்துல மட்டும் ஒரு அடி எடுத்து வைக்க முடியாதாம்!'

அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள்... வரிசையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் தெரியுமா? அந்த ரிங்கை வீசியது நான். விசில் அடித்ததும் நான்தான்.

அந்த அம்மாள் பெயர் ரங்கநாயகி. நான் வேலை பார்த்த ஸ்கூலில் கணக்கு டீச்சர். நான் பி.டி. டீச்சர். இந்தப் பக்கத்தில் வாரா வாரம் நான் யாரையாவது திட்டுவதைப் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் — எனக்கு மெதுவாகப் பேச வராது. வெயிலில் நின்று கத்தியே சம்பளம் வாங்கியவள்.

எனக்கும் ரங்கநாயகி டீச்சருக்கும் ஸ்கூலில் ஆகவே ஆகாது. காரணம், பி.டி. பீரியட்.

தமிழ்நாட்டில் எந்த ஸ்கூலிலும் பி.டி. பீரியட் பி.டி. டீச்சருக்குச் சொந்தமில்லை. அது பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். "பி.டி., போர்ஷன் முடியல. இன்னைக்கு உன் பீரியடை எடுத்துக்கட்டுமா?" என்று ரங்கநாயகி டீச்சர் வந்து கேட்பார். கேட்பது ஒரு மரியாதைக்குத்தான். அதற்குள் அங்கே போர்டில் பாதிக் கணக்கு போட்டாகியிருக்கும். பிள்ளைகள் கிரவுண்டைப் பார்த்துக்கொண்டே காரணிப்படுத்திக்கொண்டிருக்கும்.

என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. 'பி.டி.'தான். இன்றைக்கு வரைக்கும்.

இரண்டு பேரும் ரிட்டையர் ஆனோம். அவர் ஸ்ரீரங்கத்தில், நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம். எங்கேயாவது கல்யாணத்தில் பார்த்தால் ஒரு தலையாட்டல். அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் பழைய டீச்சர் ஒருத்தர் சொன்னார், "ரங்கநாயகிக்குப் பார்க்கின்சனாம்." நடுக்குவாதம் என்பார்களே, அது.

சண்டைக்காரிதான். ஆனாலும் போய்ப் பார்த்தேன்.

கை நடுங்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். நடுங்கியது. ஆனால் அதைவிட என்னை அடித்துப்போட்டது அவருடைய முகம். அதில் ஒன்றுமே இல்லை. என்னைப் பார்த்து சந்தோஷமா, எரிச்சலா, அழுகையா... ஒன்றும் தெரியவில்லை. இஸ்திரி போட்டு மடித்து வைத்த துணி மாதிரி இருந்தது. குரலும் போய்விட்டது. உதடு அசைகிறது, சத்தம் வருவதில்லை. நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று நின்றுவிடுவார். கால் தரையில் ஒட்டிக்கொண்டுவிடும். இழுத்தாலும் வராது. அவசரப்படுத்தினால் இன்னும் மோசம்.

மருமகள் வைதேகி சொன்னாள், "வெளியில எங்கேயும் போறதில்லை டீச்சர். யார் கூட்டிண்டு போறது?"

நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அதுதான் என் வழக்கம்.

இங்கே ஷகிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலக்கரையில் என் பக்கத்து வீடு. தையல் கடை வைத்திருக்கிறாள். சர்க்கரை இருக்கிறது, வாக்கிங் போ என்றார்கள். "வாக்கிங் போனா எனக்குத் தூக்கம் வருது டீச்சரம்மா" என்றாள். நியாயம்தானே? வட்டம் வட்டமாக நடப்பதில் என்ன இருக்கிறது? செக்கு மாடு கூட வேறு வழியில்லாமல்தான் சுற்றுகிறது.

அதனால் அவளுக்காக நான் ஒரு விளையாட்டை எடுத்து வந்தேன். ஸ்கூலில் மழை நாளில் பிள்ளைகளை வராண்டாவில் வைத்து விளையாடச் சொல்வது. பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாகக் கட்டி, மேலே துணியைச் சுற்றினால் ரிங் ரெடி. பட்டாலும் வலிக்காது. மாப் கம்பை ஒன்றரை முழத்துக்கு வெட்டினால் குச்சி ரெடி. ஒருத்தர் ரிங்கை வீச வேண்டும். இன்னொருத்தர் அதைக் கையால் தொடாமல், பறந்து வரும்போதே குச்சியை அதற்குள் நுழைத்துப் பிடிக்க வேண்டும். பிடித்த ரிங்கை அதே குச்சியால் சுழற்றித் திருப்பி விட வேண்டும். பிள்ளைகள் இதற்கு 'சொருகு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பிடித்துவிட்டால், "சொருகிட்டேன்!" என்று கத்த வேண்டும். கத்தவில்லை என்றால் பாயின்ட் கிடையாது. அது நான் போட்ட ரூல்.

காலையில் ஷகிலாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, காவிரிப் பாலம் ஏறி ஸ்ரீரங்கம் போவோம். ரங்கநாயகி டீச்சரை மெல்ல நடத்திக் கூட்டி வந்து பார்க் பெஞ்சில் வெயிலில் உட்கார வைப்போம். நாங்கள் ஆடுவோம். அவர் பார்ப்பார். பார்த்தாரா என்றுகூடத் தெரியாது. அந்த முகத்தை வைத்து என்ன கண்டுபிடிப்பது?

ஒரு நாள் என் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. குச்சியை அவர் மடியில் போட்டுவிட்டுக் குனிந்தேன். அதைக் கவனிக்காமல் ஷகிலா ரிங்கை வீசிவிட்டாள். அது நேராக டீச்சர் முகத்துக்கு வந்தது.

"டீச்சர்!" என்று கத்தினேன்.

நான் நிமிர்வதற்குள் ரிங் அவர் கையில் இருந்த குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தது.

காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியாத கை அது. பாதி காபி புடவையில் சிந்துகிற கை. அந்தக் கை நடுங்காமல், தவறாமல், மேலே போய்ப் பிடித்திருக்கிறது.

"மாஷா அல்லா!" என்றாள் ஷகிலா. "கணக்கு டீச்சரம்மா, நீங்க ஒரே தடவையில சொருகிட்டீங்க! நான் இத்தனை நாளா முக்குறேன்!"

ரங்கநாயகி டீச்சர் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் அதே முகம்தான். உதடு அசைந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இன்னொண்ணு போடு, பி.டி."

அன்றைக்கு ஆரம்பித்த ஆட்டம்தான். அடுத்த நாளிலிருந்து அவர் பெஞ்சில் உட்காருவதில்லை. புல்தரையில் நிறுத்துவோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒருத்தி, எதிரே வீச ஒருத்தி. எல்லாமே பிடித்தார் என்று சொல்லமாட்டேன். சில நாள் பத்து வீசினால் ஒன்று. சில நாள் உடம்பு ஒத்துழைக்காது, மாத்திரை வேலை செய்யாது, சும்மா உட்கார்ந்துவிட்டு வருவோம். ஆனால் நல்ல நாள் என்றால் அது நல்ல நாள்தான். எனக்கே திருத்தம் சொல்வார். "நீ தட்டையா போடறே, பி.டி. கொஞ்சம் தூக்கிப் போடு. எனக்கு டைம் கிடைக்கும்." ஷகிலா குச்சியைத் தூக்குகிற அழகைப் பார்த்துவிட்டு, "அவ என்ன, சிலிண்டரா தூக்கறா?" என்று கேட்டார். அதை நான் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. ஷகிலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

இது எப்படி நடக்கிறது? அடுத்த தடவை புத்தூரில் டாக்டரிடம் செக்கப்புக்கு வைதேகிக்குப் பதிலாக நான்தான் டீச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டேன். டாக்டர் ஆச்சரியப்படவே இல்லை. இந்த நோயில் அப்படி உண்டாம். நாமே நினைத்து, நாமே ஆரம்பிக்கிற அசைவுதான் மாட்டிக்கொள்கிறதாம். நடப்பது, டம்ளரை எடுப்பது, எழுந்திருப்பது எல்லாம் அதில் சேர்த்தி. வெளியிலிருந்து ஏதாவது நம்மை நோக்கி வந்தால் உடம்பு சில சமயம் வேறு வழியாக வேலை செய்துவிடுமாம். தரையில் ஒரு கோடு போட்டுத் தாண்டச் சொன்னாலும் கால் கிளம்புமாம். "அதனால நோய் இல்லைன்னு அர்த்தமில்லை. நோயே இப்படித்தான்" என்றார்.

ஷகிலாவிடம் வந்து சொன்னேன். அவள் ஸ்கூட்டர்க்காரி. உடனே புரிந்துகொண்டாள். "செல்ஃப் எடுக்கல. தள்ளுனா ஓடுது. அதானே?"

அதேதான். டாக்டருக்கு அரை மணி ஆன விஷயம்.

வீட்டில் சொல்லலாமா என்று டீச்சரைக் கேட்டோம். "வேண்டாம். இந்த வயசுல ரிங் ஆடறேன்னா சிரிப்பா" என்றார். சரி, அவர் ஆட்டம், அவர் இஷ்டம். வெயிலில் உட்கார வைத்துக் கூட்டி வருகிறோம் என்றே வைதேகி நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் யாரோ ஒரு புண்ணியவான் வாக்கிங் வந்த இடத்தில் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான்.

வீடியோ வந்த மறுநாள் போனோம். வைதேகி வாசலிலேயே நின்று, "அம்மாவுக்கு முடியலை டீச்சர்" என்றாள். அதற்கு அடுத்த நாளும் அதே. கதவைப் பாதிதான் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பேசப் பிடிக்காத முகம்.

ஷகிலா திரும்பி வரும் வழியில் பாலத்தின் மேல் ஸ்கூட்டரை ஓரம் கட்டினாள். "டீச்சரம்மா, அந்தப் புள்ள அந்த மெசேஜைப் பாத்திருக்கும்."

"பார்த்தால்?"

"பாத்தா என்ன நெனைக்கும்? மாமியா இவ்வளவு நாளா நடிச்சிருக்குன்னு நெனைக்கும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரிங் பிடித்ததற்கு நான் விசில் அடித்தேன். அவர்கள் வீட்டில் அதுவே அவருக்கு எதிராகச் சாட்சி ஆகிவிட்டது.

நோயாளிக்கு நம்ம ஊரில் ஒரு யூனிஃபார்ம் வைத்திருக்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? படுத்திருக்க வேண்டும். முனக வேண்டும். கஞ்சி குடிக்க வேண்டும். நல்ல புடவை கட்டினால், 'ஒண்ணும் குறைச்சலா தெரியலையே' என்பார்கள். சிரித்தால், 'தேவலையாயிடுச்சு போல' என்பார்கள். விளையாடினால்? போச்சு. இவ்வளவு நாள் பட்ட கஷ்டம் மொத்தமும் பொய். இருபத்துநாலு மணி நேரமும் கஷ்டப்பட்டால்தான் கஷ்டம் என்று ஒப்புக்கொள்வோம். நடுவில் ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்துவிட்டால் சர்ட்டிஃபிகேட் ரத்து.

யார் ஐயா நமக்கு இந்த இன்ஸ்பெக்டர் வேலையைக் கொடுத்தது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து நானே தனியாகப் போனேன். போகும்போது ரிங்கையும் குச்சியையும் எடுத்துக்கொண்டேன். அவர்கள் கண் முன்னாலேயே டீச்சரை விளையாட வைத்துக் காட்டலாம் என்று யோசனை. என்ன முட்டாள்தனம் பாருங்கள்... ரிங் பிடித்ததுதானே அங்கே குற்றமே! பஸ்ஸில் கண்டக்டர் வேறு, "என்னம்மா, மாப் விக்கப் போறீங்களா?" என்று கேட்டான். இருந்த கோபத்துக்கு அவனையும் இரண்டு திட்டு திட்டினேன்.

உத்திர வீதிப் பக்கம் பழைய வீடு. அறைக்கு அறை உயரமான நிலைப்படி. கூடத்தில் வைதேகி பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். உள் அறையில் டீச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நான் நேராக உள்ளே போனேன்.

கன்னத்தில் நீலம் பாய்ந்த ஒரு காயம். மணிக்கட்டில் கட்டு.

"என்ன இது?"

டீச்சர் பேசவில்லை. பேசினாரோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை. கூடத்துக்கு வந்து வைதேகியைப் பிடித்துக்கொண்டேன். நான் கத்தியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. எடிட்டர் வெட்டிவிடுவார். சுருக்கம் இதுதான் — டீச்சர் விழும்போது ஏன் பிடிக்கவில்லை?

வைதேகி பூவைக் கீழே வைத்தாள். அவளும் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"உக்காருங்கோ டீச்சர். நீங்க கேட்டாச்சு. நான் சொல்லலாமா?"

உட்கார்ந்தேன்.

"நாள் பூரா இவாளைப் பிடிச்சுண்டுதான் நான் நடக்கறேன். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தா நானும் எழுந்துக்கறேன். ஒவ்வொரு நிலைப்படியிலும் நின்னுடறா. ஒரு காலை மேல வச்சுண்டு, நிலையைப் பிடிச்சுண்டு, அப்படியே. 'வாங்கோம்மா, வாங்கோம்மா'ன்னு நான் கெஞ்சணும். மூஞ்சியில ஒண்ணும் காட்ட மாட்டா. என்னை வேலைக்காரியாட்டம் பாத்துண்டு நிப்பா."

"அது நோய்ம்மா. முகம் அப்படி..."

"இருங்கோ. நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல, விளக்கேத்தற நேரத்துல தெரியாம இந்த நிலைப்படியில காலை வச்சுண்டு நின்னுட்டேன். 'மகாலக்ஷ்மி வர்ற நேரத்துல வழிய மறிச்சுண்டு நிக்கறியே, உங்காத்துல சொல்லித்தரலையா'ன்னு எல்லார் எதிர்லயும் கேட்டவா இவா. எங்கம்மாவும் அப்ப இங்க இருந்தா, டீச்சர். அன்னிலேருந்து நான் இந்தப் படியை மிதிச்சதில்லை. தாண்டித்தான் போவேன். இப்போ தினம் விளக்கேத்தற நேரத்துக்குக் கரெக்டா இவாளே வந்து அங்க நிக்கறா. நான் என்ன நினைச்சுக்கறது, சொல்லுங்கோ?"



சாயங்கால மாத்திரைக்கு முன்னால், உடம்பில் மருந்து தீர்ந்துபோகிற நேரம் அது. கால் ஒட்டிக்கொள்கிற நேரம். அந்த நேரத்தில்தான் டீச்சர் விளக்குக்கு நமஸ்காரம் பண்ண எழுந்து வருவார். ஆனால் சட்டம் போட்டவரே சட்டத்தை மீறி நிற்கும்போது, அந்தச் சட்டத்தால் அடி வாங்கியவள் அதை நோய் என்றா நினைப்பாள்? வீம்பு என்றுதான் நினைப்பாள். வேண்டுமென்றே, தன்னைக் குத்திக்காட்டத்தான் நிற்கிறார் என்று நினைப்பாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"அப்புறம் வீடியோ வந்தது" என்றாள் வைதேகி. "எங்காத்துக்காரர் சிங்கப்பூர்லேருந்து போன் பண்ணினார். 'அம்மா சூப்பரா இருக்காளே! நீ எதுக்கு எப்பப் பாத்தாலும் கையைப் பிடிச்சுண்டு? பழக்கப்படுத்தாதே. விடு, தானா வருவா'ன்னார். விட்டேன். அன்னிக்கு நின்னா. நான் இங்க உக்காந்து பூத் தொடுத்துண்டே இருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கலை. வரட்டும்னு இருந்தேன்..."

கீழே வைத்த பூவைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"சத்தம் கேட்டுதான் திரும்பினேன்."

வெளியே ஒரு ஆட்டோ போனது.

உள் அறையில் கட்டில் முனகியது. டீச்சர் எழுந்திருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக வந்தார். நிலைப்படி வந்தது. வலது கால் படிமேல் ஏறியது. இடது கால் உள்ளேயே நின்றுவிட்டது. ஒரு கை நிலையைப் பிடித்துக்கொண்டது.

அப்படியே நின்றார்.

"பாருங்கோ" என்றாள் வைதேகி. குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

டீச்சரின் முழங்கால் மட்டும் லேசாக உதறிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. நான் எழுந்து போனேன். அவர் காலுக்கு முன்னால், கூடத்துப் பக்கம், தரையில் குச்சியைக் குறுக்கே வைத்தேன். உருண்டுவிடாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"டீச்சர், என்னைப் பார்க்காதீங்க. குச்சியைப் பாருங்க. அதைத் தாண்டுங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்த கால் எழும்பியது. படியைத் தாண்டி, குச்சியையும் தாண்டி, கூடத்துத் தரையில் இறங்கியது. இன்னொரு காலும் பின்னாலேயே வந்தது. பிடிமானம் இல்லாமல் உடம்பு முன்னால் சாய்ந்தது.

வைதேகி ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். நான் சொல்லவில்லை. அவளாகத்தான் வந்தாள்.

பிடித்தவள் அப்படியே குச்சியைப் பார்த்தாள். நிலைப்படியைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

"வேணும்னு நிக்கலையாம்மா நீங்க?"

டீச்சர் உதடு அசைந்தது. வைதேகிக்குக் கேட்கவில்லை. தலையைத் தணித்து, காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"அன்னிக்கு உன்னைக் கூப்பிட்டுண்டே இருந்தேன். சத்தம் வரலை."

மூன்று கிளாஸ் ரூம் தாண்டிக் கேட்ட குரல் அது. அந்தக் குரலால் ஒரு கூடத்தைத் தாண்ட முடியவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவளை வைதேகி, வைதேகி என்று கூப்பிட்டபடியே விழுந்திருக்கிறார்.

வைதேகி அழுதாளா என்று கேட்காதீர்கள். அது அவர்கள் வீட்டு விஷயம்.

விளக்கேற்றினாள். டீச்சரைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அப்புறம் போனை எடுத்தாள். எதிர்முனையில் அவள் கணவன் ஏதோ மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ஆரம்பித்தது எனக்கே கேட்டது.

"மீட்டிங் இருக்கட்டும். அம்மா நடிக்கலை. நான் பக்கத்துல நின்னு பாத்துட்டேன். இனிமே வீடியோவைப் பாத்துட்டு எனக்கு வைத்தியம் சொல்லாதீங்கோ. ஒரு வாரம் லீவு போட்டுண்டு வாங்கோ. ஒரு ராத்திரி பாத்ரூமுக்குக் கூட்டிண்டு போங்கோ. அப்புறம் பேசலாம்."

வைத்துவிட்டாள். எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு, 'ரிங் விளையாடினால் பார்க்கின்சன் பறந்துவிடும்' என்று யாராவது ஃபார்வர்ட் பண்ணினால் தேடி வந்து உதைப்பேன். ஒன்றும் பறக்காது. இது போகிற நோய் இல்லை. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இன்றைக்குக் குச்சியைத் தாண்டுகிற கால் ஒரு நாள் அதையும் தாண்டாமல் போகலாம். ரங்கநாயகி டீச்சருக்கு அது தெரியும். எனக்குத் தெரியும். இப்போது வைதேகிக்கும் தெரியும்.

மணிக்கட்டுக் கட்டு பிரிக்கிற வரைக்கும் ஆட்டம் கிடையாது. பெஞ்சில்தான் உட்காருகிறார். நேற்று வைதேகியும் பார்க்குக்கு வந்தாள். ஷகிலா அவள் கையில் ஒரு குச்சியைத் திணித்தாள். வீசிய ரிங்கெல்லாம் வைதேகியைத் தாண்டிப் போய்ப் புல்லில் விழுந்தது. ஒன்றுகூடச் சொருகவில்லை. டீச்சர் உதட்டை அசைத்தார். நாங்கள் மூன்று பேரும் குனிந்தோம்.

"கண்ணை மூடிண்டு பிடிக்கறா. திறக்கச் சொல்லு."

உங்கள் வீட்டிலும் யாராவது நிலைப்படியில் அசையாமல் நின்றுகொண்டிருக்கலாம். திட்டுவதற்கு முன்னால் எழுந்து போய், பக்கத்தில் நின்று கேளுங்கள்... ரொம்பப் பக்கத்தில்.